25 நிமிடம் கவனம் சிதறாமல் உட்கார

1980-களின் இறுதியில் இத்தாலியில் படித்துக்கொண்டிருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்து உருவாக்கிய ‘பொமோடோரோ’ முறை இது: 25 நிமிடம் ஒரே வேலை, பிறகு 5 நிமிட இடைவேளை. இது ஒரு சுற்று.

முதலில் வேலையை ஒரே வரியில் எழுதுங்கள். ‘கணக்கு படிக்கணும்’ போதாது. ‘வகையீடு, 1 முதல் 6 வரை’ என்று இருக்கட்டும். போனை மேசையில் கவிழ்த்து வைத்தாலும் கை தேடிப் போகும். அடுத்த அறையில் வையுங்கள். அலாரம் கடிகாரமே போதும்.

நடுவில் ‘கரண்ட் பில் கட்டலையே’ என்று தோன்றினால் எழுந்துவிடாதீர்கள். பக்கத்துத் தாளில் ‘பில்’ என்று குறித்துவிட்டுத் தொடருங்கள்.

சொதப்புவது பெரும்பாலும் 5 நிமிட இடைவேளையில்தான். ரீல்ஸைத் திறந்தால் அது 40 ஆகிவிடும். தண்ணீர் குடியுங்கள், ஜன்னல் வழியே தூரத்தைப் பாருங்கள். நான்கு சுற்றுக்குப் பிறகு 15 முதல் 30 நிமிடம் ஓய்வு.

25 தாங்கவில்லையா? 10-இல் தொடங்கி, வாரத்துக்கு 5 கூட்டுங்கள்.