இத்தாலியனை விட்டு எவன்ஸ் கேம்பிட்டுக்கு மாறலாமா? முடிவெடுக்க ஒரு வழி

கொழிஞ்சாம்பாறையில் ஞாயிறு மதியம் ஒரு தேங்காய்க் களத்துத் திண்ணையில் செஸ் ஆடுவோம். பாதிப் பேர் பொள்ளாச்சிப் பக்கமிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வருவார்கள், மீதிப் பேர் பாலக்காட்டுக்காரர்கள். வெள்ளைக் காய் கிடைத்தால் ஆறு வருடமாக நான் ஆடியது இத்தாலியன் ஓப்பனிங்தான், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் நகர்வு வரிசை. சி3, டி3 என்று அமைதியாகப் போகும் வழி. அதை விட்டு, தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைக் கொடுத்துத் தாக்குதல் தேடும் எவன்ஸ் கேம்பிட்டுக்கு மாறலாமா என்று போன வருடம் மூன்று மாதம் அல்லாடினேன். கடைசியில் எப்படி முடிவெடுத்தேன் என்பதை எழுதுகிறேன். கட்டங்களின் பெயர் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. பழைய ஆட்டத்திலிருந்தே கிளை பிரியும் கேம்பிட்டாகப் பாருங்கள்

கிங்ஸ் கேம்பிட் இரண்டாவது நகர்விலேயே எல்லாவற்றையும் மாற்றிவிடும். எவன்ஸ் அப்படியில்லை. இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, மந்திரி சி4 மந்திரி சி5 வரை உங்கள் பழைய இத்தாலியன்தான். நான்காவது நகர்வில் பி4 என்று சிப்பாயை நீட்டுகிறீர்கள். கறுப்பு மந்திரி வெட்டியதும் சி3 ஆடி அதை விரட்டி, அடுத்து டி4 ஆடி நடுக்கட்டத்தைப் பிடிக்கிறீர்கள்.

வேல்ஸ் நாட்டுக் கப்பல் கேப்டன் வில்லியம் டேவிஸ் எவன்ஸ் 1820களில் கண்ட வழி இது. பழசு என்று தள்ளிவிட வேண்டாம். 1995இல் ரீகாவில் காஸ்பரோவ் இதே பி4ஐ ஆடி நம் ஆனந்தை 25 நகர்வில் ஜெயித்தார்.

2. தோற்ற ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள்

வெள்ளையில் தோற்ற கடைசி இருபது ஆட்டங்கள் போதும். கவனக்குறைவாகக் காயை விட்டுத் தோற்றீர்களா? அப்படியானால் ஓப்பனிங்கை மாற்றிப் பயனில்லை, அதைத் தொடாதீர்கள். பன்னிரண்டாவது நகர்வு வரை நன்றாக வந்துவிட்டு, அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் யானையை முன்னும் பின்னும் நகர்த்தினீர்களா? என் ஆட்டங்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன. அப்படிப்பட்டவருக்குக் கேம்பிட் நல்லது.

இப்படிப் பார்க்க, ஆட்டங்களை நோட்டில் எழுதி வைப்பதுதான் சிறந்தது என்பேன். அதிலும் கட்டப் பெயரோடு எழுதுங்கள், காயின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். நாம் மந்திரி என்பது குறுக்கே ஓடும் காய். மலையாளத்தில் மந்திரி என்றால் ராணி, ஆனை என்றால் நம் மந்திரி, நம் யானை அவர்களுக்குத் தேர். “அந்த ஆனையை வெட்டியிருந்தா ஜெயிச்சிருப்பீங்க” என்று ஒருவர் சொல்ல, நான் யானையை வெட்டும் வழியைத் தேடி ஒரு மணி நேரம் போனது.

3. சிப்பாயைத் திருப்பி வாங்க அவசரப்படுகிறீர்களா?

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

பி4ஐக் கறுப்பு மந்திரி வெட்டுகிறது, நாம் சி3, மந்திரி ஏ5க்குப் போகிறது, நாம் டி4, கறுப்பு டி6. நான் காஸ்லிங் செய்தேன். எதிரில் இருந்த சேட்டன் மந்திரியை அமைதியாக பி6க்கு இழுத்தார். இ5 சிப்பாய் கையெட்டும் தூரத்தில் இருந்தது. டி சிப்பாயால் வெட்டினேன், அவரும் டி சிப்பாயால் வெட்டினார். டி8இல் ராணியை ராணியால் வெட்டினேன், அவர் குதிரையால் திருப்பி வெட்டினார். என் குதிரை இ5 சிப்பாயை எடுத்தது. கணக்கு சமம், எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம்தான் பலகை தெரிந்தது. ராணிகள் இல்லை, தாக்குதலும் இல்லை. ஏ2, சி3 இரண்டு சிப்பாயும் துணையில்லாமல் தனித்தனியாக நின்றன. அடுத்த நாற்பது நிமிடம் அவற்றைக் காப்பதிலேயே போய்த் தோற்றேன். “தம்பி, கொடுத்ததைத் திருப்பி வாங்கத்தான் கொடுத்தியா?” என்று கேட்டார். இரண்டாம் உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கரின் பெயரில் வழங்கும் தற்காப்பு இது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இதற்கு நான் இப்போது ஆடுவது ஏழாவது நகர்வில் காஸ்லிங்குக்குப் பதில் ராணி பி3. ராணியும் சி4 மந்திரியும் ஒரே கோட்டில் எஃப்7ஐக் குறிபார்க்கும். கறுப்பு பெரும்பாலும் ராணியை டி7க்குக் கொண்டுவரும், அது சி8 மந்திரியின் வழியை அடைக்கும். டி1இல் நம் ராணி இல்லாததால் ராணிகள் வெட்டிக்கொள்ளும் பேச்சும் இல்லை.

ஆனால் சிப்பாய்க் கடன் அப்படியே இருக்கும். பத்து நகர்வு ஒரு சிப்பாய் குறைவாக உட்கார்ந்து, காய்களை வெளியே கொண்டுவரும் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா? மாறுவதா வேண்டாமா என்பதை நான் இந்தக் கேள்வியை வைத்தே முடிவு செய்தேன்.

4. இருபது ஆட்டம் சோதனை

லிச்செஸ் என்ற இணையதளத்தில் ஆளுக்கு 15 நிமிடம், நகர்வுக்கு 10 வினாடி கூடுதல். சில நிமிடத்தில் முடியும் பிளிட்ஸ் ஆட்டம் வேண்டவே வேண்டாம், அதில் எந்தக் கேம்பிட்டும் நன்றாக இருப்பதுபோல்தான் தெரியும். வெற்றி தோல்வியை எண்ணாதீர்கள். பதினைந்தாவது நகர்வில் உங்களிடம் ஒரு திட்டம் இருந்ததா என்று மட்டும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆம், இல்லை எழுதுங்கள். எனக்குப் பதின்மூன்று ஆம் வந்தது, மாறினேன்.

இந்த இருபது முடியும்வரை நிலையை எடைபோடும் கணினி நிரலான என்ஜினைத் திறக்காதீர்கள். அது பெரும்பாலும் சமம் என்றோ, கறுப்புக்குச் சற்று நல்லது என்றோதான் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து நானே ஒரு முறை பாதியில் நிறுத்தினேன்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்த இரண்டு பேர் ஒரே சிக்கலைச் சொன்னார்கள். மூன்றாவது நகர்வில் கறுப்பு தன் மந்திரியை சி5க்குக் கொண்டுவராமல் குதிரையை எஃப்6இல் வைத்தால் என்ன செய்வது? அப்போது எவன்ஸ் கிடையாது. டி3 ஆடிப் பழைய வழிக்கே போங்கள். அதனால் பழைய நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், என் ஆட்டங்களில் பாதி இன்னும் அதில்தான் எழுதப்படுகிறது. கறுப்பு பி4ஐ வெட்டாமல் மந்திரியை பி6க்கு இழுத்தால் ஏ4 ஆடுங்கள். சிப்பாய் எதுவும் போகவில்லை, ராணிப் பக்கத்தில் இடமும் கிடைத்திருக்கிறது.