"அடுத்த கிழமை வாருங்கள்" என்றால் நாட்களை எண்ணுங்கள்

முதல் தடவை போனபோது திருத்துகிற தம்பி ஊருக்குப் போயிருந்தார். இரண்டாம் தடவை மோட்டார் வந்து சேரவில்லை. மூன்றாம் தடவை முதலாளி கடையில் இல்லை. புறக்கோட்டையில் வாங்கிய கிரைண்டர், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சமையலறையில், பாதி அரைபட்ட உழுந்தோடு நின்றுபோய்ப் பல கிழமைகள் ஆகியிருந்தன. ஒவ்வொரு முறையும், "அடுத்த கிழமை வாருங்கள், அக்கா" என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள். அந்த மரியாதையை நம்பித்தான் நான் நாட்களை இழந்தேன்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, பழுதான பொருளைப் பற்றிய முறைப்பாட்டை அந்த அதிகாரசபையிடம் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த மூன்று மாதங்கள், பொருள் பழுதான நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்தே ஓடத் தொடங்குகின்றன. அதனால் வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டியில் வாங்கிய திகதியைக் குறித்து, இரண்டு மாதம் தள்ளி இன்னொரு வட்டம் போடுங்கள். கடை அதற்குள் தீர்வு தராவிட்டால் அதற்கு மேல் காத்திருக்காதீர்கள்.

பில் கேட்க வெட்கப்படாதீர்கள். கேட்டால் கடைக்காரர் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். சின்ன மெஷினில் அடித்துத் தரும் பில்லை அன்றே படம் எடுத்து வையுங்கள். என்னுடையதில் எழுத்து மங்கி, திகதியின் கடைசி இரண்டு இலக்கங்கள்தான் மிஞ்சியிருந்தன. வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் திகதியும் விழும்வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையைப் பார்த்ததும் பலர் வாய் திறக்காமல் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது மனவருத்தம் தருகிறது. வாயால் சொன்ன உத்தரவாதத்தை மட்டுமல்ல, விற்பனையோடு இயல்பாகவே வரும் உத்தரவாதத்தையும் மீறினால் முறையிடலாம் என்று இந்தச் சட்டம் சொல்கிறது. பலகை தொங்குகிறது என்பதற்காக அந்த உரிமையைக் கைவிட வேண்டாம்.

முதலில் கடைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நான் எழுதியது இவ்வளவுதான்: "இன்ன திகதி உங்களிடம் வாங்கிய கிரைண்டரின் மோட்டார் நின்றுவிட்டது. இந்த மூன்று திகதிகளில் நேரில் வந்தேன். 14 நாட்களுக்குள் மாற்றித் தாருங்கள், அல்லது பணத்தைத் திருப்பித் தாருங்கள்." பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைப் பில்லோடு பின் பண்ணி வைத்தேன்.

பதில் வரவில்லை. கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதி 27ஆம் இலக்கக் கட்டடத்திலுள்ள அதிகாரசபைக்கு எல்லாவற்றின் பிரதிகளோடும் முறைப்பாட்டை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தமிழிலேயே எழுதினேன், தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி, தயங்க வேண்டியதில்லை. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் முறையிடலாம். பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது, விலைப்பட்டியல் மாட்டாமல் விற்பது போன்றவற்றுக்கு அந்த அழைப்பு மிகவும் உதவும். அதிகாரசபை நிர்ணயித்த உச்ச விலையை மீறும் தனி வியாபாரிக்கு, 2021 திருத்தத்தின் பின் குறைந்தது 100,000 ரூபாய் தண்டம். ஆனால் உங்கள் பணம் திரும்ப வர வேண்டுமென்றால் தொலைபேசியோடு நிற்காமல் எழுதிக் கொடுங்கள்.

விசாரணையில் இரு பக்கமும் கேட்பார்கள். குறை உறுதியானால் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணம் திருப்புதல் ஆகியவற்றில் ஒன்றுக்கு உத்தரவிடலாம். உத்தரவின்படி பணம் கட்டாவிட்டால், நீதவான் நீதிமன்றம் மூலம் தண்டப்பணம்போல அறவிடவும் வழி இருக்கிறது.

எங்கள் விடயம் அவ்வளவு தூரம் போகவில்லை. விசாரணைக்கு வந்த முதலாளி என் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். புதிய கிரைண்டர் தருவதாக அங்கேயே ஒப்புக்கொண்டார். அதை எடுக்கப் போன அன்று, பழைய வாரண்டி அட்டையே போதும் என்றார்கள். நான் கவுண்டரிலேயே நின்று, அன்றைய திகதியிட்ட புதிய அட்டையை வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.