சாவியைக் கொடுக்கும் முன்: சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் கார் இரவல் கொடுப்பது எப்படி?

புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு இந்தக் கேள்வி சீக்கிரமே வந்துவிடும். "ஞாயித்துக்கிழமை வண்டி சும்மாதானே நிக்குது, நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" கேட்பவர் மைத்துனராக இருப்பார், பெரியப்பா மகனாக இருப்பார், கூடப் படித்தவராக இருப்பார். கொடுக்கலாமா கூடாதா என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. கொடுப்பது என்று முடிவெடுத்துவிட்டால் எப்படிக் கொடுப்பது என்று மட்டும் பார்ப்போம்.

படி 1: யார் ஓட்டப் போகிறார்கள் என்று கேளுங்கள்

எங்கே போகிறார்கள், எத்தனை பேர், எப்போது திரும்புவார்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். யார் ஓட்டுவார் என்று கேட்க மறந்துவிடுவார்கள். வண்டி கேட்டது மாமா, ஸ்டியரிங்கில் உட்காரப் போவது போன மாதம் லைசென்ஸ் எடுத்த அவருடைய பையன் என்றால் கணக்கே வேறு.

ஓட்டப் போகிறவரின் லைசென்ஸைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காலாவதித் தேதியையும் எந்த வகை வண்டிக்கு என்பதையும் பாருங்கள். பிரிட்டன், சிங்கப்பூர் போன்ற நாடுகளில் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மட்டும் செல்லுபடியாகும் லைசென்ஸ் உண்டு. அதை வைத்துக்கொண்டு கியர் வண்டி ஓட்டினால் லைசென்ஸ் இல்லாத கதைதான். சொந்தக்காரரிடம் லைசென்ஸ் கேட்பது கூச்சமாக இருந்தால் பழியை இன்சூரன்ஸ் மேல் போடுங்கள். உண்மையும் அதுதான்.

படி 2: பாலிசியை எடுத்துப் படியுங்கள்

வண்டியோடு சேர்த்து உங்கள் இன்சூரன்ஸையும் இரவல் கொடுக்கிறீர்கள். பாலிசியில் யார் ஓட்டலாம் என்று ஒரு பகுதி இருக்கும். சில நாடுகளில் இன்சூரன்ஸ் ஆளுக்கு அல்ல, வண்டிக்கு: உரிமையாளரின் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள எவர் ஓட்டினாலும் சரி. இந்தியாவில் பெரும்பாலும் இப்படித்தான். பிரிட்டனில் பொதுவாகப் பாலிசியில் பெயர் உள்ளவர்கள் மட்டுமே ஓட்டலாம். வேறொருவர் எடுக்க வேண்டுமென்றால் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும், அல்லது அவர் தற்காலிகப் பாலிசி எடுக்க வேண்டும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கவனிக்க இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, கிளெய்ம் போட்டால் முதல் ஒரு தொகையை நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். கிளெய்ம் போடாத வருடங்களுக்காகக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போகலாம். இடித்தது அவர், அடுத்த வருடம் கூடுதல் பிரீமியம் கட்டுவது நீங்கள். இரண்டாவது, பணம். ஓட்டுகிறவர் தன் பயணத்துக்குத் தானே பெட்ரோல் போட்டுக்கொள்வது பிரச்சினையில்லை. நாள் வாடகை என்று கை நீட்டி வாங்கினால் அது வாடகை வண்டி ஆகிவிடும். சொந்த உபயோகத்துக்கான பாலிசி அதற்குப் பொதுவாகச் செல்லாது.

படி 3: பேசியதை ஒரு மெசேஜாகப் போடுங்கள்

பத்திரம் எழுதச் சொல்லவில்லை. வழக்கம்போல வாட்ஸ்அப்பில் நாலு வரி போதும்:

"அண்ணா, சனி காலை 7 மணிக்கு வண்டியை எடுத்துக்கோங்க, ஞாயிறு ராத்திரிக்குள்ள வந்தாப் போதும். நீங்க மட்டும் ஓட்டுங்க. டேங்க் ஃபுல், அதே மாதிரி விட்டுடுங்க. ஃபைன் ஏதாவது வந்தா அனுப்பி வைக்கிறேன். எங்கயாவது உரசினா இன்சூரன்ஸ்ல வராத பணத்தை நீங்க பாத்துக்கணும். எதுவா இருந்தாலும் முதல்ல எனக்கு போன் அடிங்க."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சங்கடப்பட்டுக்கொண்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் தட்டிச் சரிசெய்து கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. இன்சூரன்ஸ்காரர்கள் பார்ப்பதற்கு முன் வேலை செய்துவிட்டால் கிளெய்ம் கிடைப்பது சந்தேகம்.

படி 4: வண்டியைத் தயார் செய்யுங்கள்

டயர் காற்று, ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, காகிதங்கள். காற்றழுத்த அளவு பெரும்பாலும் டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். முழு லோடுக்குத் தனி அளவு போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். வீல் நட்டுக்கு லாக் போட்டிருந்தால் அதன் சாவி எங்கே என்று காட்டுங்கள், இல்லையென்றால் ஸ்டெப்னி இருந்தும் பயனில்லை. ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள்.

படி 5: பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள்

"நான் ஓட்டாத வண்டியா?" என்பார்கள். சிரித்துக்கொண்டே ஏறி உட்காருங்கள். பழகாத வண்டியில் தடுமாற்றம் சின்ன விஷயங்களில்தான் வரும்.

முதலில் பட்டன் ஸ்டார்ட். சாவியை உங்கள் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே வண்டியை ஸ்டார்ட் செய்து, அவரை ஏற்றி, "சரி கிளம்புங்க" என்று இறங்கிவிடுவீர்கள். பல வண்டிகளில் சாவி தூரம் போனாலும் இன்ஜின் நிற்காது, சத்தம் மட்டும் போடும். பாட்டுச் சத்தத்தில் அதைக் கவனிக்காமல் அவர் போய்விடுவார். பெட்ரோல் பங்கில் அணைத்த பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அதனால் சாவியை அவர் கையில் கொடுத்து, அவரையே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ரிமோட் பேட்டரி தீர்ந்தால் கதவைத் திறக்க அதற்குள் ஒரு சின்ன உலோகச் சாவி ஒளிந்திருக்கும்; அதையும் உருவிக் காட்டுங்கள்.

அடுத்தது எரிபொருள். பெட்ரோல் குழாய் முனை மெல்லியது, டீசல் வண்டியின் வாயில் சுலபமாக நுழைந்துவிடும். அதனால் டீசல் வண்டி கொடுப்பவர்கள் டேங்க் மூடியில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மாற்றிப் போட்டுவிட்டால் ஸ்டார்ட் செய்யவே கூடாது, சாவியைப் பாதி திருப்பக்கூட வேண்டாம். அப்படியே விட்டுவிட்டு ஆளைக் கூப்பிட்டால் டேங்கைக் காலி செய்வதோடு முடியலாம். ஓட்டிவிட்டால் டீசல் பம்பும் இன்ஜெக்டரும் தேய்ந்து பெரிய செலவு வைக்கும்.

மூடி எந்தப் பக்கம் என்பதை மீட்டரில் பம்ப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறி சொல்லும். 1986-ல் ஃபோர்டு நிறுவனத்தில் இருந்த ஜிம் மாய்லன், அலுவலக வண்டியைத் தப்பான பக்கம் நிறுத்தி மழையில் நனைந்த எரிச்சலில் எழுதிக் கொடுத்த யோசனை அது. பழகாத வண்டியை ஓட்டியவருக்குத்தான் அது தோன்றியிருக்கிறது!

எச்சரிக்கை விளக்குக்கு ஒரே விதி: மஞ்சள் எரிந்தால் எனக்குச் சொல்லுங்கள், சிவப்பு எரிந்தால் ஓரமாக நிறுத்துங்கள். ஆயில் விளக்கு சிவப்பாக எரியும்போது "வீடு வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டினால் இன்ஜினே போய்விடலாம். கைக்குழந்தை வருகிறதென்றால் பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையை ஏர்பேக் அணைக்கப்படாத முன்சீட்டில் வைக்கவே கூடாது.

படி 6: சுற்றி ஒரு வீடியோ

நான்கு பக்கமும், வீல் விளிம்பு, கண்ணாடி, கூடவே கிலோமீட்டரும் பெட்ரோல் அளவும். அவரும் கூட நிற்கும்போதே எடுங்கள். "இந்தக் கீறல் ஏற்கெனவே இருக்கு, உங்க தலைல வரக்கூடாது பாருங்க" என்று சொல்லி எடுத்தால் அவருக்கும் நிம்மதி.

கொடுக்க முடியாது என்றால்

"பாலிசியில என் பேர் மட்டும்தான் இருக்கு" என்பது நிஜமானால் அதுவே போதும். இல்லாத காரணத்தைச் சொன்னால் அடுத்த முறை வேறொருவருக்குக் கொடுக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். நேரமிருந்தால் "நானே கொண்டுபோய் விடுறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தேவை அவ்வளவுதான்.

படி 7: திரும்பி வந்ததும்

வெளிச்சத்தில் ஒரு சுற்று பாருங்கள், சாவி வாங்கும்போதே. இரண்டு நாள் கழித்துக் கீறலைக் கண்டுபிடித்துக் கேட்டால் சண்டைதான். ப்ளூடூத்தில் ஏறியிருக்கும் அவருடைய போனையும் தொடர்பு எண்களையும் அழித்துவிடுங்கள். கேமரா பிடித்த அபராத நோட்டீஸ் சில வாரம் கழித்தும் உங்கள் பெயருக்கு வரலாம். அந்தத் தேதியில் யாரிடம் வண்டி இருந்தது என்று காட்ட, படி 3-ல் போட்ட மெசேஜைச் சில மாதமாவது அழிக்காமல் வையுங்கள்.