பழைய குழாய், பைப்பை காயலான் கடைக்கு போட்டா காசு தேறுமா?

பிளம்பிங் வேலைல கழட்டுற பழசு எல்லாத்தையும் மூட்டை கட்டாதீங்க, லாபம் இருக்குறது பித்தளைலயும் செம்புலயும்தான். ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசின இரும்பு பைப், அரை இஞ்ச் மீடியம் கனம்னா மீட்டருக்கே சுமார் 1.2 கிலோ வரும், ஆனா அது இரும்பு விலைக்குத்தான் போகும், அதுக்குன்னு தனியா ஆட்டோ புடிச்சா வாடகைக்கே பத்தாது, வேற வேலையா அந்தப் பக்கம் வண்டி போகும்போது ஏத்தி விட்டுடுங்க.

தண்ணி தொறக்குற டேப்புல மேல குரோம் பூச்சு பளபளன்னு இருக்கும், அத நம்பாதீங்க. மொதல்ல காந்தம் வைங்க, ஒட்டலன்னா மட்டும் பத்தாது, ஏன்னா துத்தநாகக் கலவைல பண்ண மலிவு டேப்பும் ஒட்டாது, நல்ல ஸ்டீலும் பெரும்பாலும் ஒட்டாது, அதனால ஓரமா அரத்தால ஒரு இழுப்பு இழுத்து பாருங்க, மஞ்சளா தெரிஞ்சா பித்தளை, வெள்ளையா தெரிஞ்சா வேற சாக்குல போடுங்க. பிளாஸ்டிக் கைப்பிடி, வாஷர், இரும்பு ஸ்க்ரூ எல்லாம் கழட்டிட்டு குடுங்க, இல்லன்னா கடைக்காரர் மொத்தத்தையும் கலப்படம்னு சொல்லி விலைய இறக்கிடுவார். ஆனா ஒரு டேப்போட அரை மணி நேரம் மல்லுக்கட்டுறது வேஸ்ட், துரு புடிச்சு வரலன்னா அப்படியே போடுங்க.

பழைய கீசர் கெடச்சா விடாதீங்க, சிலதுல உள்டேங்கே செம்பு. செம்பையும் பித்தளையையும் ஒண்ணா கலந்து எடை போட விடாதீங்க, செம்பு விலை எப்பவும் ஜாஸ்தி. வீட்ல ஒரு தடவ எடை பாத்துட்டு போங்க, ரெண்டு கடைல ரேட் கேளுங்க. முக்கியமா வேலை பாக்குற வீட்டு ஓனர்கிட்ட கேட்டுட்டு எடுங்க, பழைய சாமான் அவங்களோடது.