புள்ள இன்னும் நடக்கல, பேசலன்னா முதல்ல என்ன செய்யணும்

ஒன்பது மாசமாகியும் புடிக்காம உக்காரலையா, ஒன்றரை வயசாகியும் நடக்கலையா, பேர் சொல்லி கூப்பிட்டா திரும்பலையா? "அவன் அப்பனும் லேட்டாதான் பேசினான்"னு பாட்டி சொல்றத கேட்டு இருந்துடாதீங்க, எங்க வீட்ல அப்படியே ஆறு மாசம் போச்சு. அங்கன்வாடி டீச்சர்கிட்ட சொல்லுங்க, ஆர்பிஎஸ்கே (புள்ளைங்கள பரிசோதிக்கிற அரசுத் திட்டம்) டாக்டர் டீம் வருஷத்துக்கு ரெண்டு தடவ அங்க வரும், அவங்க பாத்துட்டு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு (வளர்ச்சி லேட்டாகுற புள்ளைங்கள பாக்குற அரசு மையம்) எழுதி அனுப்புவாங்க, அதுவரைக்கும் காத்திருக்க முடியலன்னா நேரா பெரியாஸ்பத்திரி குழந்தைகள் ஓபில கேளுங்க. பிசியோ, ஸ்பீச் தெரபி எல்லாம் ஃப்ரீ. பேச்சு லேட்னா மொதல்ல காது டெஸ்ட் கேளுங்க. தடுப்பூசி அட்டை, புள்ள பொறந்தப்போ ஆஸ்பத்திரில குடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியோட, புள்ள வீட்ல விளையாடுற வீடியோ ஒண்ணும் போன்ல இருக்கட்டும், ஏன்னா அங்க போனதும் அழுமே தவிர ஒண்ணும் செஞ்சு காட்டாது.