ஸோரியோவின் வேதியியல் சிற்பங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜில்பெர்ட்டோ ஸோரியோ 1944இல் வட இத்தாலியின் அந்தோர்னோ மிக்காவில் பிறந்தவர். தூரின் நகரில், எளிய அன்றாடப் பொருள்களால் கலை செய்த ஆர்த்தே போவெரா இயக்கத்தோடு வளர்ந்த சிற்பி. அவர் சிற்பங்களைப் பற்றி எழுதுகிறவர்களும், அதே வழியில் செய்துபார்க்கும் மாணவர்களும் சறுக்குவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான்: சிற்பி கையை எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

'ரோசா-ப்ளு-ரோசா'வை (1967) எடுத்துக்கொள்வோம். நீளவாக்கில் பிளந்த குழாய் போன்ற ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் தொட்டி, உள்ளே பிளாஸ்டர், அதில் கோபால்ட் குளோரைடு என்ற உப்பு. ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பு, காய்ந்தால் நீலம். பார்க்க வருகிறவர்களின் மூச்சு ஈரமே நிறத்தை நகர்த்தும். புகைப்படத்தில் தெரியும் நிறத்தை மட்டும் வைத்து விமர்சனம் எழுதுவது அதனால்தான் வீண். ஈரப்பதத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும் ஏ.சி. அறையில் வைத்தாலும் நிறம் அசையாது.

செய்துபார்ப்பவர்கள் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை அறுக்கவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். பிளந்த பி.வி.சி. பைப் போதும். பிளாஸ்டர் முழுக்கக் காயுமுன் உப்பைப் பூசினால் நிறம் சிவப்பிலேயே நின்றுவிடும், பழி உப்பின் மேல் விழும். முதலில் வடிதாளில் கரைசலைத் தடவி ஹேர் டிரையர் காட்டுங்கள். நீலமானால் உப்பில் குறையில்லை. கோபால்ட் குளோரைடு நச்சு. பொடியைத் தூவாமல், கையுறை போட்டுக் கரைசலாகப் பூச வேண்டும்.

'பியோம்பி' (1968) இன்னும் நுட்பமானது. தொட்டிபோல் தொங்கும் இரண்டு காரீயத் தகடுகளில் ஒன்றில் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல், மற்றதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், இரண்டையும் இணைக்கும் செம்புப் பின்னல். கிடைத்த தட்டில் ஊற்றுவது இங்கே பெரிய தவறு. இரும்பானால் செம்பு அதன்மேல் படிய, இரும்பு கரைசலுக்குள் போய்விடும், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டிலும் இதே கதை. காரீயத்தின் மேல் கரையாத சல்பேட் படலம் படிந்து தகட்டைக் காக்கிறது. ஆனால் காரீயமும் விஷம். படிகம் வளர்க்கும் பயிற்சிக்குக் கண்ணாடித் தொட்டி, மயில்துத்தம் மட்டும் போதும், அமிலம் வேண்டாம். 20 டிகிரியில் 100 மில்லி தண்ணீரில் சுமார் 32 கிராம்தான் கரையும். அவசரத்தில் கொதிக்கவைத்து அதிகம் கரைத்துச் சட்டென ஆறவிட்டால் பொடிப்படிகம்தான் மிஞ்சும். மெல்ல ஆவியானால் பெரிதாக வளரும். மிச்சக் கரைசலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், மீன்கள் செத்துவிடும்.

'தெண்டா'வில் (கூடாரம், 1967) துணிமேல் உப்புநீர் காய்ந்து உப்பு பூக்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. நீர் உறிஞ்சாத பாலியெஸ்டர் துணி உதவாது. திறப்புவிழாவுக்கு முன் யாராவது அந்த வெள்ளையைத் துடைத்துவிடுவதும் உண்டு. துடைத்தால் சிற்பமே போயிற்று.

1969 முதல் பல வடிவங்களில் செய்த 'சொற்களைத் தூய்மைப்படுத்த' வரிசையில், ஆல்கஹால் உள்ள கலத்துக்குள் குழாய் வழியே பேச வேண்டும். அதற்கு நேர்மேலே சூடான ஸ்பாட் லைட் மாட்டாதீர்கள். அடர்த்தியான எத்தனாலின் ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே, ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். மாதிரி செய்வோர் ஆல்கஹாலுக்குப் பதில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம்.