பட்ஜெட் ஏவி ரிசீவர்: எதை விடலாம், எதை விடக்கூடாது

டிவி, பிளேயரின் சத்தத்தை வாங்கிப் பெருக்கி எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் ஏவி ரிசீவர். கோயம்புத்தூரானாலும் ஈரோடானாலும் ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர் கேட்கிற முதல் கேள்வி, "ஏனுங்ணா, இது எத்தன வாட்ஸுங்க?" அதைக் கடைசியாகக் கேளுங்கள். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்ஸ் பெரும்பாலும் ஒரே ஒரு சேனலை, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கான வழியை மட்டும், 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே சுருதியில், 6 ஓம் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை) ஸ்பீக்கரில் ஓட்டி எடுத்த கணக்கு, ஐந்து சேனலும் சேர்ந்து முழங்கும்போது அது வரவே வராது. ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தில் 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 8 ஓம், 2 சேனல் என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள், நம்ப வேண்டியது அதைத்தான். வாட்ஸ் இரண்டு மடங்கானாலும் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். 87 டெசிபல் சென்சிடிவிட்டி (அதே வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) ஸ்பீக்கருக்குப் பதில் 90 எடுத்தால் அதே 3 டெசிபல் வந்துவிடும். சாதாரண ஹாலுக்கு உண்மையான 60, 70 வாட்ஸ் தாராளம். பக்கத்து வீட்டில் தறி ஓடினால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

வைஃபை, ஆப், 8கே எல்லாம் தைரியமாக விடலாம். கேம் கன்சோல் இருந்தால் நேராக டிவியில் செருகிவிட்டு, சத்தத்தை மட்டும் ஆர்க் (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்குக் கொண்டுவரலாம். அதன் மேம்பட்ட வடிவமான இ-ஆர்க் வேண்டுமா என்பது நீங்கள் எதில் படம் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது: ஓடிடி மட்டும்தான் என்றால் அதில் வரும் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரச்செய்யும் டால்பி முறை) சாதா ஆர்க்கிலேயே வந்துவிடும், டிவியும் அதை வெளியே விட வேண்டும், அவ்வளவே. பென்டிரைவை டிவியில் செருகிப் படம் பார்க்கிறவர்களுக்குத்தான் சிக்கல், பல டிவிகள் டிடிஎஸ் என்ற சரவுண்ட் ஒலியை ரிசீவருக்கு அனுப்புவதே இல்லை. அவர்கள் ஒரு மீடியா பிளேயரை நேராக ரிசீவரின் எச்டிஎம்ஐயில் போடுவது நல்லது.

சேனல் எண்ணிக்கையில் மட்டும் அவசரப்படாதீர்கள். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் (பாஸுக்கான தனிப் பெட்டி). அந்த ரிசீவரில் ஐந்தும் இருக்க, பின்னாளில் மேலே இன்னும் இரண்டு ஸ்பீக்கர் மாட்ட முடியாது, அப்படி அட்மாஸ் கேட்க 5.1.2, அதாவது ஏழு சேனல் ரிசீவர் வேண்டும். விலை குறைந்த மாடல்களில் சப்வூஃபருக்கு மட்டும்தான் ப்ரீ-அவுட் (வெளி ஆம்ப்புக்குச் சிக்னல் தரும் துளை) இருக்கும், அதனால் நாளைக்குத் தனியாக ஒரு பவர் ஆம்ப் சேர்க்கவும் வழியில்லை. சீலிங்கில் ஒயர் இழுக்க வீட்டில் சம்மதம் கிடைக்காது என்று தெரிந்தால் 5.1 எடுத்து, மிச்சப் பணத்தை ஸ்பீக்கரிலும் சப்பிலும் போடுங்கள். என்னைக் கேட்டால் பாதிப் பேருக்கு இதுதான் சரி.

அப்புறம், நம்ம பக்கம் இன்னொரு வழியும் உண்டு, அசெம்பிள் செட், அதாவது உள்ளூர்க்காரர் பாகங்களைச் சேர்த்துச் செய்து தரும் ஆம்ப். காசுக்கு பாஸ் அள்ளும், ரிப்பேர் என்றால் செய்து கொடுத்தவரே ஐசியோ டிரான்சிஸ்டரோ மாற்றித் தந்துவிடுவார், பிராண்டு ரிசீவரில் போர்டு போனால் அந்தச் சுகம் கிடையாது. ஆனால் பெரும்பாலானவற்றில் மைக் வைத்து அறையை அளந்து சரிசெய்யும் வசதி இருக்காது, 80 ஹெர்ட்ஸில் பாஸைப் பிரித்து சப்புக்கு அனுப்பும் கிராஸ்ஓவரையும் நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. நாலு பக்கமும் வெறும் சுவர், தரையில் டைல்ஸ் என்று எதிரொலிக்கிற ஹாலில் அந்த மைக் ஓரளவு கைகொடுக்கும், மீதியைத் திரைச்சீலையும் கம்பளமும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய பெரிய மாடல் செகண்ட்ஹேண்டில் வந்தால் எச்டிசிபி 2.2 (காப்பியைத் தடுக்கும் பூட்டு முறை) இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பூட்டு போட்ட 4கே படம் அதன் வழியாகப் போகாது. அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் பின்பக்கம் 120 வோல்ட் என்று போட்டிருக்கும், ஸ்டெப்-டவுன் இல்லாமல் நம் பிளக்கில் செருகவே கூடாது.

மாட்டும்போது பின்பக்கத்தைக் கவனியுங்கள். மலிவு மாடல்களில் சில சேனலுக்கு ஸ்பிரிங் கிளிப்தான் இருக்கும், பனானா பிளக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகச் செருகி) ஏறாது. ஒயர் முனையை ஒரு சென்டிமீட்டர் சீவி, இழைகளை இறுக்கி முறுக்கிச் சொருகுங்கள், ஒரே ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் செட் புரொடெக்‌ஷனுக்குப் போய் அணைந்துவிடும். மூடிய அலமாரியில் வைக்காதீர்கள். பணம் கட்டும் முன் சர்வீஸ் சென்டர் கோவையிலேயே இருக்கிறதா, சென்னைக்கு அனுப்புவார்களா, அந்தக் கூலி யார் தலையில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.